லென்ஸின் பெயரும் படத்தின் கூர்மையும்

செஞ்சிக் கோட்டை என்றவுடன் ராஜா தேசிங்கின் வீரமும் அவன் ஏறிச் சென்ற குதிரையும் நம் நினைவுக்கு வரும். அக்கோட்டைக்கு அண்மையில் உள்ள எங்கள் அனந்தபுரத்தில் ஒரு சிறிய போட்டி நடந்தது. அதில் வாளும் இல்லை, வேலும் இல்லை; இரண்டு காமிரா லென்ஸுகள் எதிரெதிர் நின்றன. போட்டி சிறிதாயினும் அதன் பின்னே நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றை அறிந்த பின்னரே போட்டியின் முடிவு எனக்கு விளங்கியது. இரண்டையும் இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு நாள் மாலை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் முதுகலை வகுப்பில் வரலாறு பயில்கிறான். சுற்றியுள்ள சிற்றூர்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் நடுகற்களையும் கல்வெட்டுத் துண்டுகளையும் படமெடுத்து ஓர் ஆய்வேடு எழுதுவது அவன் நோக்கம். உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் பழைய காமிரா ஒன்று வாங்கியிருந்தான். காமிராவைச் செய்த கம்பெனியின் லென்ஸை வாங்கப் பணம் போதவில்லை. அக்காமிராவுக்குப் பொருந்துமாறு வேறொரு கம்பெனி செய்த லென்ஸை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிப் பொருத்தியிருந்தான். இப்பேச்சில் முன்னதைக் 'கம்பெனி லென்ஸ்' என்றும் பின்னதை 'வெளி லென்ஸ்' என்றும் சொல்லிக்கொள்வோம்.

"ஐயா, வெளி லென்ஸில் எடுத்த படத்தில் எழுத்து கூர்மையாக விழாது, ஆய்வேட்டுக்கு அது ஆகாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அம்மா தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கம்பெனி லென்ஸ் வாங்கிக்கொள் என்கிறார்" என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

கல்வெட்டைப் படமெடுப்பவனுக்குக் கூர்மை என்பது அழகு பற்றிய செய்தி அன்று. பழங் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் பெரும்பாலும் வடிவில் வேறுபாடு இராது. ஓர் எண்ணின் கோடு மங்கினால் மன்னனின் ஆட்சியாண்டே மாறிவிடும். எனவே அவன் அச்சம் வீண் அச்சம் அன்று. ஆயினும், "தம்பி, சங்கிலி அடகுக் கடைக்குப் போவதற்கு முன் லென்ஸ் இரண்டையும் நாமே சோதித்துப் பார்த்துவிடுவோம்" என்றேன். அவ்வாறு நான் சொன்னதற்குக் காரணம், லென்ஸுகளின் வரலாற்றில் நான் படித்த சில செய்திகளே. முதலில் அவற்றைக் காண்போம்.

1839ஆம் ஆண்டில் டாகுவர் என்பார் தமது படமெடுக்கும் முறையைப் பாரிஸ் நகரில் வெளியிட்டார். அவருடைய காமிராவுக்கு லென்ஸ் செய்து தந்தவர் ஷார்ல் செவாலியே. அந்த லென்ஸ் உள்ளே விட்ட ஒளி மிகக் குறைவு; ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. மனிதரின் முகத்தைப் படமெடுப்பது அரிதாக இருந்தது. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராயிருந்த ஜோசப் பெட்ஸ்வால் இக்குறையைக் கணக்கின் துணையால் தீர்க்க முனைந்தார். பீரங்கிப் படையிலிருந்து கணக்கறிந்த வீரர் சிலர் அவருக்கு உதவியாக அனுப்பப்பட்டனர். 1840இல் பிறந்தது பெட்ஸ்வால் லென்ஸ். பழைய லென்ஸைப்போல் ஏறக்குறைய பதினாறு மடங்கு ஒளியை அது உள்ளே விட்டது.

அந்த லென்ஸைக் கடைந்து விற்றவர் வியன்னாவில் புகழ்பெற்ற கண்ணாடித் தொழிலாளரான ஃபோக்ட்லேண்டர். பெட்ஸ்வாலுக்கு ஒரே ஒரு முறை ஒரு தொகை கிடைத்தது. விற்பனையின் பயன் முழுதும் ஃபோக்ட்லேண்டருக்கே சென்றது. இருவருக்கும் பிணக்கு மூண்டது. காப்புரிமையோ ஆஸ்திரிய எல்லையைத் தாண்டவில்லை. ஃபோக்ட்லேண்டர் 1849இல் எல்லைக்கு அப்பால் பிரன்ஸ்விக் நகரில் தொழிற்சாலை அமைத்துக்கொண்டார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேறு பலர் அதே கணக்கைக் கொண்டு அதே லென்ஸைத் தத்தம் பெயரில் செய்து விற்கலாயினர். லென்ஸின் மீது பொறிக்கும் பெயர் வேறு, அதைக் கணக்கிட்ட மூளை வேறு, அதைக் கடைந்த கை வேறு என்னும் நிலை இவ்வாறு தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

பெட்ஸ்வால் லென்ஸுக்கு ஒரு குறையும் உண்டு. நடுப்பகுதி மிகக் கூர்மையாக விழும், ஓரங்கள் மங்கிவிடும். முகத்தைப் படமெடுப்பவருக்கு அது குறையாகத் தோன்றவில்லை. கட்டடத்தையும் கல்வெட்டையும் படமெடுப்பவருக்கோ அது பெருங்குறை. ஒரு லென்ஸ் கூர்மையானதா என்று கேட்பவர், எதற்குக் கூர்மை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கல்வெட்டைச் சொன்னதும் நம் நாட்டுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக 1856இல் அமர்த்தப்பட்டவர் லின்னேயஸ் டிரைப் என்ற படைத் தலைவர். மதுரை, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்களை அவர் 1858ஆம் ஆண்டையொட்டிப் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் பகுதி பகுதியாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். தென்னாட்டில் அவர் எடுத்த படங்களிற் பல காகித நெகட்டிவைக் கொண்டு எடுக்கப்பட்டவை. காகிதத்தில் நார் உண்டு. எத்துணை நல்ல லென்ஸாயினும் அந்த நாரின் அளவுக்கு மேல் நுட்பம் பதியாது. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியில் இருப்பதுபோல, படத்தின் கூர்மையும் லென்ஸ், படச்சுருள், முக்காலி, எடுப்பவரின் கை ஆகியவற்றுள் எது மெலிந்ததோ அதையே பொறுத்தது. டிரைப் தம்மிடம் இருந்த கருவியின் எல்லையை அறிந்து, அருகிற் சென்று, துண்டு துண்டாக எடுத்தார். அதனாலேயே அவர் படம் இன்றும் மதிக்கப்படுகிறது.

கட்டடங்களுக்கு ஏற்ற லென்ஸ் 1866இல் வந்தது. லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் ஒரே ஆண்டில் தனித்தனியே ஏறக்குறைய ஒரே வடிவத்தை அடைந்தனர். இரு நாடு, இரு பெயர். லென்ஸின் அமைப்போ ஒன்றே. முந்தியவர் யார் என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. ஒளிக்கு அந்த வழக்கு தெரியாது அல்லவா? அது இரண்டின் ஊடேயும் ஒரே விதமாகத்தான் சென்றது.

அடுத்து ஜெர்மனியில் உள்ள யேனா நகருக்கு வருவோம். கார்ல் ஸைஸின் தொழிற்சாலையில் எர்ன்ஸ்ட் ஆபே என்ற அறிஞர் லென்ஸ் தொழிலை அனுபவத்திலிருந்து கணக்குக்கு மாற்றினார். ஓட்டோ ஷாட் 1884இல் அங்கே புதுவகைக் கண்ணாடி உருக்கும் ஆலையைத் தொடங்கினார். கண்ணாடி மாறியவுடன் லென்ஸும் மாறியது. 1902இல் பால் ரூடால்ஃப் வகுத்த டெஸ்ஸார் லென்ஸில் நான்கே கண்ணாடிகள். நடுவும் ஓரமும் ஒருங்கே கூர்மையாயின. ஒரு கண்ணாடி செய்யும் பிழையை மற்றொன்று எதிர்ப்பிழை செய்து நீக்குவதே இதன் இரகசியம். ஸைஸ் கம்பெனி இதைச் செய்யும் உரிமையை இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் கம்பெனிகளுக்கும் கொடுத்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் உலகெங்கும் டெஸ்ஸார் வகை லென்ஸுகள் பல பெயர்களில் தோன்றின. அவற்றுள் நல்லனவும் இருந்தன, தீயனவும் இருந்தன. கணக்கு பொதுவாகிவிட்ட பின், கண்ணாடியின் தூய்மையும் கடைசலின் துல்லியமுமே வேறுபாட்டை உண்டாக்கின.

இவ்வரலாற்றில் நான் மிக விரும்பும் பகுதி 1950ஆம் ஆண்டில் டோக்கியோவில் நடந்தது. அமெரிக்க 'லைஃப்' இதழின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் அப்போது அங்கிருந்தார். ஜுன் மிகி என்ற ஜப்பானிய இளைஞர் டங்கனைப் படமெடுத்துக் காட்டினார். படத்தின் கூர்மை டங்கனை வியப்பில் ஆழ்த்தியது. அந்த லென்ஸின் பெயர் நிக்கோர். செய்தது நிப்பான் கொகாகு என்ற ஜப்பானியக் கம்பெனி. ஜெர்மானிய லென்ஸே உலகில் முதன்மையானது என்பது அந்நாளைய நம்பிக்கை. டங்கன் அந்த நம்பிக்கையையும் விடவில்லை, தம் கண்ணையும் ஐயுறவில்லை. தொழிற்சாலைக்கே சென்று, தம்மிடமிருந்த ஜெர்மானிய லென்ஸுகளையும் நிக்கோர் லென்ஸுகளையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். நிக்கோர் வென்றது. கொரியப் போர் மூண்டபோது அவர் தமது ஜெர்மானிய லைக்கா காமிராவில் அந்த ஜப்பானிய லென்ஸைப் பொருத்திக்கொண்டு களம் சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இச்செய்தியை உலகறியச் செய்தது.

நேயர்களே, இதை எண்ணிப் பாருங்கள். லைக்கா காமிராவில் பொருத்திய நிக்கோர், நம் கணக்கின்படி ஒரு வெளி லென்ஸ். ஜப்பானின் கானன் கம்பெனி 1930களில் தன் முதல் காமிராவை விற்றபோது அதில் இருந்ததும் நிக்கோர் லென்ஸே. பிறர் காமிராவுக்கு லென்ஸ் செய்து கொடுத்த அந்தக் கம்பெனிதான் பின்னாளில் நிக்கான் என்ற பெரும் பெயரைப் பெற்றது. இன்று 'கம்பெனி லென்ஸ்' என்று மதிக்கப்படுவது நேற்றைய வெளி லென்ஸ்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஸைஸ் கம்பெனியே இரண்டாகப் பிளந்தது. ஒன்று கிழக்கே யேனாவிலும், மற்றொன்று மேற்கே ஓபர்கோகனிலும் இயங்கின. ஸைஸ் என்ற பெயர் யாருக்கு உரியது என்று பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்காடினார்கள். 1971இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. ஃபோக்ட்லேண்டரின் பெயரோ இன்னும் தொலைவு பயணம் செய்தது. 1999 முதல் அப்பெயரைத் தாங்கிய லென்ஸுகளைச் செய்பவர்கள் ஜப்பானின் கோசினா கம்பெனியார். பெட்ஸ்வாலோடு பிணங்கிய பெயர், இன்று வேறொரு நாட்டில் வேறொருவர் கடையும் கண்ணாடியின்மேல் ஒளிர்கிறது. அந்த லென்ஸுகள் நல்லவை என்றே பெயர் பெற்றுள்ளன. ஆனால் அவற்றை நல்லவையாக்கியது பழைய பெயர் அன்று, கடைந்தவர்களின் திறமையே.

வெளி லென்ஸுகளுக்கென்றே தோன்றிய கம்பெனிகளும் உண்டு. ஜப்பானில் டாம்ரான் 1950இலும் சிக்மா 1961இலும் தொடங்கப்பட்டன. நெடுங்காலம் மலிவுக்காகவே இவற்றை மக்கள் வாங்கினர். சிக்மா 2012இல் வெளியிட்ட 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, காமிராக் கம்பெனிகளின் விலையுயர்ந்த லென்ஸுகளுக்குச் சமமாகவும், சில சோதனைகளில் மேலாகவும் நின்றது. மலிவு என்றால் மட்டம் என்ற எண்ணம் அதன் பின் பெரிதும் மாறியது.

இவ்வளவும் அறிந்திருந்தும், என் மாணவன் கையில் இருந்த லென்ஸைப் பற்றி நான் எதுவும் சொல்லிவிட முடியாது. வரலாறு கேள்வியைத்தான் கற்றுத்தரும். விடையைச் சோதனைதான் தரவேண்டும். செஞ்சியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பரிடம் கம்பெனி லென்ஸ் ஒன்றை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கினோம்.

முதல் நாள் சோதனை என் வீட்டுச் சுவரில். செய்தித்தாளின் தாள்களைச் சுவர் நிரம்ப ஒட்டி, காமிராவை முக்காலியில் நிறுத்தி, சுவருக்கு நேராக வைத்தோம். ஒரே ஒளி, ஒரே தூரம், ஒரே துவார அளவு. கை படாமல் காமிரா தானே சிறிது நேரம் கழித்துப் படமெடுக்குமாறு அமைத்தோம். முதல் படங்களில் வெளி லென்ஸ் படுதோல்வி அடைந்தது. மாணவனின் முகம் வாடிவிட்டது. உற்றுப் பார்த்தபோது, குவியம் சுவருக்குச் சற்று முன்னே விழுந்திருப்பது தெரிந்தது. பிழை கண்ணாடியில் அன்று. காமிரா தானாகக் குவியம் வைத்ததில் இருந்தது. பிம்பத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கையாலேயே குவியம் வைத்து மீண்டும் எடுத்தோம். இந்த ஒரு பிழையைக் கவனியாமல் விட்டிருந்தால் ஒரு நல்ல லென்ஸுக்கு அநியாயத் தீர்ப்பு வழங்கியிருப்போம்.

இரண்டாம் முறை கிடைத்த முடிவுகள் இவை. துவாரத்தை முழுதும் திறந்தபோது நடுப்பகுதியில் இரண்டுக்கும் சிறு வேறுபாடே இருந்தது. ஓரங்களில் கம்பெனி லென்ஸ் தெளிவாக முந்தியது. வெளி லென்ஸின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட மங்கியிருந்தது. உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை அளவு மையம் தவறி அமர்ந்திருந்தால் இவ்வாறு நிகழும். ஒரே பெயருள்ள லென்ஸுகளிலும் பிரதிக்குப் பிரதி இவ்வேறுபாடு இருக்கும். விலையுயர்ந்த கம்பெனிகள் பெரும்பாலும் அதை மேலும் கண்டிப்பாகச் சோதித்து விடுகின்றன. துவாரத்தை எஃப் 8 என்ற அளவுக்குச் சுருக்கியபோது வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. எஃப் 22க்குச் சுருக்கியபோது இரண்டும் ஒருசேர மங்கின.

இறுதியாகச் சொன்னது மாணவனுக்குப் புதிராக இருந்தது. ஒளி ஓர் அலை. சிறு துவாரத்தின் வழியே நுழையும்போது அது சிறிது விரிந்து பரவும். துவாரம் சிறுக்கச் சிறுக்க அப்பரவல் மிகும். எந்தக் கம்பெனியாலும் அதை வெல்ல இயலாது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, நீள்சதுரத் துவாரத்தின் வழியே ஒளி பரவுவதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனிலிருந்து வெளிவந்த 'பிலாஸபிகல் மேகஸின்' இதழில் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நம் மாணவர்கள் தம் கையிலுள்ள எளிய கருவியை இகழ்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

மறுநாள் செஞ்சிக்குச் சென்றோம். கல்யாண மகாலின் அடுக்கடுக்கான மாடங்களைத் தொலைவிலிருந்து இரண்டு லென்ஸாலும் எடுத்தோம். காலைச் சூரியனை எதிர்நோக்கி எடுத்த படத்தில் வெளி லென்ஸ் வெளிறிப் போயிற்று. கம்பெனி லென்ஸில் கருமை கருமையாகவே நின்றது. கண்ணாடியின் மேல் ஏற்றும் மெல்லிய பூச்சு சிறந்திருப்பதன் பயன் இது. நுண்கோடுகளைப் பிரித்துக் காட்டுவது கூர்மையின் ஒரு பாதி. ஒளியையும் நிழலையும் வேறுபடுத்திக் காட்டுவது மறு பாதி. சூரியனை முதுகுக்குப் பின் வைத்து எடுத்தபோது இரண்டும் சமமாயின. பின்னர்க் களஞ்சியத்தின் இருண்ட உட்புறத்தில் கையில் பிடித்தே எடுத்தோம். அங்கே இரண்டு லென்ஸின் படங்களும் ஒருங்கே கலங்கிப் போயின. காரணம் எங்கள் கை நடுக்கம். அன்று நாங்கள் கண்ட வேறுபாடுகளிலெல்லாம் பெரியது அதுவே.

களைப்பாறக் கோட்டைச் சுவரின் நிழலில் உட்கார்ந்தோம். 1649இல் பீஜப்பூர்ப் படை இதைக் கைப்பற்றிப் பாதுஷாபாத் என்று பெயரிட்டது. 1677இல் சிவாஜி இதை வென்றார். 1698இல் முகலாயர் பிடித்து நுஸ்ரத்கட் என்றனர். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் வந்தனர். பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மலையோடு மலையாகப் பிணைந்த அந்தச் சுவரின் உறுதி, அதைக் கட்டிய கைகளின் உறுதி. நான் இதைச் சொன்னபோது மாணவன் சிரித்துக்கொண்டே லென்ஸின் வளையத்தில் இருந்த பெயரை விரலால் மறைத்துக் காட்டினான்.

அன்று மாலை படங்களை ஒரே அளவில் அச்சிட்டு, எது எந்த லென்ஸ் என்பதைப் பின்பக்கத்தில் மட்டும் குறித்து, அவன் தாயாரின் முன் வைத்தோம். எஃப் 8இல் எடுத்த இரண்டு படங்களையும் அவர் நெடுநேரம் பார்த்தார். செய்தித்தாளின் சிற்றெழுத்துகளை இரண்டிலும் வாசித்தார். "இதுதான் நன்றாக இருக்கிறது" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தோம். அது வெளி லென்ஸின் படம். அவர் தேர்வு தற்செயலாகவும் இருக்கலாம். கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு இல்லை என்பதற்கு அதுவே போதிய சான்று.

சங்கிலி அவர் கழுத்திலேயே இருந்துவிட்டது. மாணவன் உறுதியான முக்காலி ஒன்று மட்டும் வாங்கினான். கல்வெட்டைப் படத்தின் நடுவில் வைப்பது, ஓரத்தில் இடம் விடுவது, துவாரத்தை எஃப் 8இல் நிறுத்துவது, சூரியனுக்கு எதிரே எடுக்காமல் பக்கவாட்டு ஒளிக்குக் காத்திருப்பது, நீண்ட வரிகளை டிரைப்பைப் போலத் துண்டு துண்டாக எடுத்து இணைப்பது என்று தனக்கென விதிகள் வகுத்துக்கொண்டான். திருமண மண்டபத்தின் குறைந்த ஒளியில் ஓடியாடுவோரைப் படமெடுத்துப் பிழைக்க வேண்டியவன் என்றால் கம்பெனி லென்ஸையே வாங்கு என்று நான் சொல்லியிருப்பேன். அசையாத கல்லின் முன் அவனால் காத்திருக்க முடியும். அவனுக்கு அது தேவையில்லை.

மாணவ நண்பர்களே, பெயரை நம்புவதும் பிழை. பெயரை இகழ்வதும் பிழை. பெயர் பெற்ற கம்பெனி பல்லாண்டு உழைப்பால் அப்பெயரை ஈட்டியிருக்கிறது, அதை மதிப்போம். ஆனால் நம் பணிக்கு எது போதும் என்பதை, ஒரே ஒளியில் ஒரே அளவில் இரண்டையும் வைத்துப் பார்த்து, தோற்றதாகத் தோன்றுவதை மீண்டும் ஒருமுறை சோதித்து, நாமே முடிவு செய்வோம். வரலாற்றில் சான்றுகளை எடைபோடும் முறையும் இதுவே அன்றோ? வயல் வரப்பில் மழையில் கரைந்துகொண்டிருக்கும் நடுகல், நாம் நல்ல லென்ஸ் வாங்கும் வரை காத்திருக்காது. உங்கள் கையில் இருக்கும் கருவியின் குறையை நன்கு அறிந்துகொண்டு, இந்த வாரமே உங்கள் ஊர்க் கல்லைத் தேடிப் புறப்படுங்கள்.